மூன்று துணி போச்சு, நாலாவதில் கோடு நின்றது

நேற்று சாயங்காலம் ஒரு கோடு பரவாமல் நின்றது. ஒரே ஒரு கோடு, ஒன்றரை அடி நீளம். அதற்கு மூன்று காடா துணியும் இரண்டு பானை மையும் பலி.

திட்டம் பழையதுதான். 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைப் புரட்சியை, மூங்கில் பேனாவால் துணியில் வரையும் காளஹஸ்தி கலம்காரி முறையில், மூன்று மீட்டர் துணியில், பன்னிரண்டு கட்டச் சித்திரக்கதையாக வரைவது. பேச்சு பலூன் கிடையாது. (1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை காளஹஸ்தியும் நம்ம வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. வெளியூர்க் கலை என்று யாரும் சொல்ல வேண்டாம்.)

கஞ்சி போக அலசுவது, கடுக்காயில் ஊறவைப்பது, புளியங்குச்சிக் கரியால் கீறிக்கொள்வது எல்லாம் முதல் தடவையே வந்துவிட்டன. கட்டத்தின் ஓரக்கோடுதான் உயிரை வாங்கியது. ஆள் வரையும்போது மை கொஞ்சம் பரவினால் தலைப்பாகை மடிப்பு என்று சமாளிக்கலாம். நேர்க்கோட்டில் அந்த வித்தை நடக்காது. மூங்கில் பேனா பட்ட இடத்தில் மை வெளிறித்தான் இறங்கும். கண்ணெதிரே கறுக்கும். கறுத்துக்கொண்டே இழையைப் பிடித்து, பூரான் கால் மாதிரி இரண்டு பக்கமும் ஓடும். அழிக்கவும் வழியில்லை, மையில் இருக்கும் இரும்பும் துணியில் ஏறிய கடுக்காயும் சேர்ந்தால் சேர்ந்ததுதான்.

முதலில் மையைச் சந்தேகப்பட்டேன். துருப்பிடித்த ஆணி, வெல்லம், தண்ணீர், இருபது நாள் புளிப்பு. இரண்டாவது பானையில் ஆணியை அள்ளிப் போட்டேன். கறுப்பு ஏறியது, ஓட்டம் நிற்கவில்லை. போதாக்குறைக்கு, அலசிக் காயவைத்த பிறகு கோட்டோரமாகத் துணியே நைந்துவிட்டது. அப்புறம் பேனாவைச் சந்தேகப்பட்டேன். நுனிக்கு மேலே சுற்றும் கம்பளியைக் கூட்டினேன், குறைத்தேன், நூலை இறுக்கினேன். ஆன்லைனில் வாங்கிய ஐந்து பேனாவும் வீண். அம்மாவின் ஒட்டடைக் கொம்பில் சீவியதே மேல் (அம்மாவுக்கு இன்னும் தெரியாது).

கடைசியில் குற்றவாளி பால். துணி ஊறும் கடுக்காய்த் தண்ணீரில் எருமைப்பால்தான் ஊற்ற வேண்டும் என்று தெரிந்தும், வீட்டுக்கு வரும் பாக்கெட் பாலை, அதுவும் காய்ச்சி ஏடு எடுத்ததை, ஊற்றிக்கொண்டிருந்தேன். மை இழைக்குள் ஓடாமல் மறிப்பதே பாலில் இருக்கும் கொழுப்புதான். அதை எடுத்துக் காபியில் போட்டுக் குடித்துவிட்டுத் துணியைத் திட்டியிருக்கிறேன்! காட்பாடிப் பக்கம் எருமை வைத்திருப்பவரிடம் ஒரு லிட்டர் பச்சைப்பால் வாங்கினேன். இந்தத் தடவை முறுக்கிப் பிழியவில்லை. முறுக்கினால் மஞ்சள் திட்டுத் திட்டாக நிற்கிறது. உள்ளங்கையால் அமுக்கி வடித்து, மொட்டை மாடியில் போட்டேன். வெயில் விஷயத்தில் மட்டும் வேலூரைக் குறை சொல்ல முடியாது.

கடுக்காய் லாங்கு பஜாரில் வாங்கியது. கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே, "வயித்துக்கா, தோலுக்கா?" என்றார். துணிக்கு என்றதும் நிமிர்ந்தார். தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவில் இருப்பதில் இது ஒரு லாபம். மருந்து விலை கொடுக்காமல் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. கொட்டையை எடுத்துவிட்டு இடியுங்கள், மிக்ஸி பிளேடு பிழைக்கும்.

பானை புளித்துக் கிடந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை. பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போய் வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றைப் பார்த்தேன். 8ஆம் நூற்றாண்டு, நந்திவர்ம பல்லவன் காலம். பல்லவர் வரலாறு முழுக்க வரிசை வரிசையாகச் சிற்பக் கட்டங்கள். விளக்கம் எழுத நடுவில் வெறும் பட்டை விட்டிருக்கிறார்கள். அரசன் இல்லாத நாட்டுக்கு யார் போகிறீர்கள் என்று இரணியவர்மன் நான்கு மகன்களைக் கேட்கிறான். மூன்று பேர் மாட்டேன் என்கிறார்கள். பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி பல்லவமல்லன் (பின்னாளில் இதே நந்திவர்மன்) நான் போகிறேன் என்கிறான். மூன்று மறுப்பு, ஒரு சரி: இன்றைக்கு எந்தச் சித்திரக்கதைக்காரனும் இதை விடமாட்டான்.

ஆனால் என்னைக் குழப்பியது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அமராவதி வட்டச் சிற்பம். நளகிரி யானை ஒரு பக்கம் ஆளைத் தூக்கி வீசுகிறது. அதே வட்டத்துக்குள் புத்தர் முன்னால் மண்டியிடுகிறது. இரண்டு யானை இல்லை, ஒன்றுதான். நடுவில் கோடே கிடையாது. பிரான்சின் பேயூ நகரத்து 11ஆம் நூற்றாண்டுத் துணி, நூலால் தைத்த சித்திரக்கதை, சுமார் 70 மீட்டர், அதிலும் பல இடங்களில் காட்சியைப் பிரிப்பது ஒரு மரம்தான்.

கோடு வராத நாட்களில் இதைப் பார்த்து, கோடே வேண்டாம் என்று தேற்றிக்கொண்டேன். இப்போது வந்துவிட்டது, விட மனசில்லை. அதனால் கோட்டைக்குள் நடப்பதெல்லாம் கட்டத்துக்குள். புரட்சியை அடக்க பிரிட்டிஷ் தளபதி கில்லெஸ்பி ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வரும் பதினாறு மைல் மட்டும் கட்டமில்லாமல், பனைமரம் பனைமரமாக, அதே குதிரை மூன்று தடவை.

இன்னொரு சிக்கல் பாக்கி. என் சிப்பாயை அடுத்தடுத்த காட்சியில் எப்படி அடையாளம் காட்டுவது? திருவாரூர் விதான ஓவியத்தில் கதைநாயகனான மன்னன் முசுகுந்தனுக்குக் குரங்கு முகம். எங்கே நின்றாலும் கண்டுபிடித்துவிடலாம். நான் நாமம், கடுக்கன், தாடி என்று மூன்று வைத்தேன். சீருடையில் இந்த மூன்றும் கூடாது என்ற உத்தரவும் புதுத் தலைப்பாகையும்தான் புரட்சிக்கே காரணம். மூன்றாவது கட்டத்திலேயே என் ஆள் கூட்டத்தில் காணாமல் போய்விடுகிறான். எடுப்புப் பல் வைத்துப் பார்க்கிறேன்.

சிவப்புக்குப் படிகாரம் வாங்கி வைத்தாயிற்று. சாயம் ஏற்றினால் ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும், இங்கே பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. குளியலறை பக்கெட்டுக்கு அம்மாவிடம் இன்னும் அனுமதி வாங்கவில்லை.