புல் மாறியது, பசு மாறவில்லை: பிராச் தீவில் மூன்றாம் வாரம்

குரோவேஷிய மொழியின் வட்டார வழக்குகளை 'என்ன' என்ற ஒரே சொல்லை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள்: ஷ்டோ, ச்சா, காய். குரோவேஷியாவின் பிராச் தீவில் சுமார்தின் என்ற ஊரைத் தவிர மற்ற ஊர்களெல்லாம் 'ச்சா' பக்கம். துருக்கியருக்குத் தப்பி மகார்ஸ்கா கரையிலிருந்து படகேறி வந்தவர்கள் 1646-இல் அமைத்த ஊர் சுமார்தின். அவர்கள் கொண்டுவந்த 'ஷ்டோ' பேச்சு இன்றும் அங்கே வாழ்கிறது. அதனால் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செல்ட்ஸாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் 'என்ன' வேறாகிவிடுகிறது. ஆனால் பாலுக்கு இரண்டு பக்கமும் 'ம்லீகோ'தான். பாடநூல் சொல்லும் 'ம்லியேகோ' இல்லை.

இந்த எல்லையைக் கேட்கத்தான் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தேன். முதல் வாரம் வீண். தீவின் உட்பகுதியில், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியிடம் சொற்பட்டியலை வரிசையாகக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பாடநூல் உச்சரிப்பில் சொன்னார். (ஊரின் பெயரை எழுதவில்லை. சின்ன ஊர், அவர் யாரென்று உடனே தெரிந்துவிடும்.)

இரண்டாம் வாரம் பட்டியலை எடுக்கவே இல்லை. சிறு வயதில் மாடு மேய்த்த கதையைக் கேட்டேன். பேச்சு தானாக வந்தது. 'இருக்கிறேன்' என்பதற்கான 'சம்', 'சன்' ஆனது. டால்மேஷியா என்ற இந்தக் கடலோரப் பகுதியெங்கும் சொல்லின் கடைசி மகரம் இப்படி னகரமாவது உண்டு, அதை எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது அடுத்து வந்தது. புல்லை 'த்ரோவா' என்றார். அதே மூச்சில் பசுவை 'க்ராவா' என்றார்.

எழுத்தில் த்ராவா, க்ராவா இரண்டும் முதல் மெய்யைத் தவிர ஒன்றேதான். ஒன்றில் மட்டும் ஆகாரம் ஏன் ஓகாரமானது? 'இங்கே ஆ எல்லாம் ஓ ஆகிறது' என்று முதல் நாள் குறிப்பேட்டில் எழுதியிருந்த வரியை அன்றிரவு அடித்தேன். இந்த வழக்கில் பழங்காலத்திலேயே நெடிலாக இருந்த ஆகாரம்தான் ஓகாரமாகியிருக்கிறது. தலை 'க்லோவா', நகரம் 'க்ரோத்' ஆனதும் அப்படித்தான். பசுவின் அகரம் முதலில் குறில். அது பிற்பாடு நீண்டபோது ஓகார மாற்றம் நடந்து முடிந்துவிட்டது. எந்த உயிர் எப்போது நீண்டது என்ற கணக்கை அந்தப் பாட்டி எங்கும் படிக்கவில்லை. அவருடைய நாக்கு அதைத் தவறாமல் வைத்திருக்கிறது. குறில் நெடிலில் பொருள் மாறும் மொழியில் வளர்ந்த காது எனக்கு; இதை உணர்ந்தபோது உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

இந்த வாரம் பதிவுகளை 'ப்ராட்' என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் போட்டு, இரண்டு உயிர்களின் நீளத்தையும் ஒலிநிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காது சொன்னதையே திரையும் சொன்னது. தீவின் சில துறைமுக ஊர்களில் 'ச்சா', 'த்ஸா' ஆகிறது. அந்த ஒலிகளுக்கு இன்னும் போகவில்லை, அடுத்தது அதுதான்.

நேற்று பாட்டியிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு என்னையும் சொல்லச் சொன்னார். 'த்ரோவா' என்றேன். தலையை அசைத்து, மேஜையில் விரலால் ஒரு தட்டுத் தட்டி, கடைசி அசையை அழுத்திச் சொன்னார். பாடநூல் மொழியில் முன்னுக்கு நகர்ந்துவிட்ட அழுத்தம், அவர் வாயில் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆறேழு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு முறைதான் அவருடைய விரல் தட்டிய இடத்தில் விழுந்தது.