மூன்றாவது ஆசிரியர்

எங்கள் பள்ளி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அந்த இரண்டில் ஒருவர் தலைமை ஆசிரியர், அதாவது நான். ஒன்று முதல் மூன்று வரை ஓர் அறையில், நான்கும் ஐந்தும் இன்னோர் அறையில். ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம் என்று நான் கிளம்பிவிட்டால் ஐந்து வகுப்பும் உதவி ஆசிரியை தலையில். அன்றைக்குப் பார்த்து அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்பது பல வருட ஆசை. ஆனால் அது மனு எழுதிக் கிடைக்கிற காரியம் இல்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால்தான் மூன்று. அந்த எண்ணிக்கையையும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி எடுப்பார்கள். ஆகஸ்ட் 2-ஆம் தேதி பத்துப் பேர் வந்து சேர்ந்தாலும் அந்த வருடக் கணக்கில் வராது. 2024 மார்ச்சில் சேர்க்கை தொடங்கியபோது எங்களிடம் இருந்தது நாற்பத்துச் சொச்சம். அதில் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களைக் கழித்தால் இன்னும் குறைவு.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரைக்குடியிலிருந்து திருமயம் போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற நகரத்தார் ஊர். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக இருக்கிற வீடுகள். பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கும். சொந்தக்காரர்கள் சென்னையில், கோயம்புத்தூரில், மலேசியாவில். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், குலதெய்வப் படைப்பு என்றால் வருவார்கள். ஒரு வாரம் தெரு முழுக்கக் கார் நிற்கும், அப்புறம் பழையபடி. எங்களிடம் படிப்பவர்கள் அந்த வீடுகளைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிறவர்களின் பிள்ளைகள், கொத்தனார் பிள்ளைகள், கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், தரையில் பதிக்கிற பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். வெளியூரில் இருப்பவர்கள் நினைக்கிற மாதிரி ஊர் காலியாகிவிடவில்லை. குடியிருக்கிறவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

முதல் வேலையாக அங்கன்வாடிக்குப் போய் ஐந்து வயது நிறைகிற பிள்ளைகளின் பட்டியலை வாங்கினேன். பட்டியல் கையில் இருந்தும் பாதிப் பேர் கையை விட்டுப் போகிற நிலைமை. காலை எட்டு மணிக்குள் தனியார் பள்ளி வேன்கள் ஊருக்குள் வந்து போய்விடுகின்றன. வீடு வீடாகப் போனபோது பெற்றோர் சொன்ன காரணங்கள் எல்லாம் எதிர்பார்த்தவைதான். இங்கிலீஷ், ஷூ, டை, வாசலிலேயே வந்து நிற்கிற வண்டி. நாங்கள் வழக்கமாகச் சொல்கிற பதில்கள் அங்கே எடுபடவில்லை. அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அடுக்கலாம். அதெல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து கணக்குப் பார்க்கிற சமாச்சாரம். ஐந்து வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற அம்மாவிடம் அதைச் சொல்லி என்ன புண்ணியம்?

எடுபட்டது காலை உணவு. 2023 ஆகஸ்ட் 25-ஆம் தேதி திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது எங்கள் பள்ளிக்கும் வந்தது. சமைக்கிற இரண்டு பேரும் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள், எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள். விடிவதற்குள் அடுப்பு மூட்டிவிடுவார்கள். கல்யாணச் சமையல்காரர்கள் ஊர் இது, ருசியில் யாரையும் ஏமாற்ற முடியாது. புதன்கிழமைப் பொங்கலில் மிளகு தூக்கலாக இருந்தால் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடும் பிள்ளைகள். நான் ஏறி இறங்கிப் பேசியதைவிட, "நாந்தான் ஆக்குறேன், எம்புள்ளையும் அதைத்தான் திங்குது" என்று அந்த இரண்டு பேர் ஊரணிக் கரையில் சொன்னதுதான் நிறையப் பேரைக் கொண்டுவந்தது. காலையில் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிற வீடுகளுக்குப் பள்ளியில் சுடச்சுடச் சாப்பாடு என்பது சின்ன விஷயம் இல்லை.

அப்படியும் எண்ணிக்கை அறுபதைத் தொடவில்லை. அப்போது உதவி ஆசிரியைதான், "பட்டறைப் பக்கம் போய்ப் பார்த்தோமா டீச்சர்?" என்று கேட்டார்.

ஆத்தங்குடிக் கல் பட்டறைக்குள் போனால் நேரம் போவது தெரியாது. கண்ணாடித் தகட்டைக் கீழே வைத்து, அதன் மேல் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு கண்ணறையிலும் ஒரு நிறச் சாந்தைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவையைப் போட்டு மட்டம் தட்டி எடுத்து வைப்பார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு வெயிலில் காயவைத்தால் கண்ணாடி தனியே வந்துவிடும், கல்லில் அந்த வழவழப்பு தங்கிவிடும். சூளையும் கிடையாது, நெருப்பும் கிடையாது. அங்கே வேலை செய்கிறவர்களில் இப்போது ஒடிசாக்காரர்களும் இருக்கிறார்கள். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் பட்டறை ஓரத்திலேயே விளையாடிக்கொண்டிருந்தார்கள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி, உடைந்த கல் துண்டுகளைப் பொறுக்கி, நான்கை நான்கு மூலையில் திருப்பித் திருப்பி வைத்து முழுப் பூவாக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்புக் கணக்கில் அமைப்புகள் என்றொரு பாடம் நடத்துகிறோமே, அதை இவள் தரையில் போட்டு வைத்திருந்தாள்.

அவள் அப்பாவுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். அவருடைய பயமெல்லாம் காகிதம் பற்றியது. பிறப்புச் சான்று ஊரில் இருக்கிறது, மாற்றுச் சான்று வாங்கவில்லை, பிள்ளைக்கு ஆதார் எடுக்கவில்லை. இது பலருக்கும் தெரியாத விஷயம் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்: வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ மாற்றுச் சான்று இல்லை என்பதற்காகவோ ஒரு பிள்ளைக்குச் சேர்க்கை மறுக்கக் கூடாது. சட்டத்திலேயே இருக்கிறது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் நேரடியாக உட்காரவைக்கலாம், காகிதங்கள் பின்னால் வரட்டும். அவளை மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம் அல்லவா? அவள் தமிழுக்கு அரும்பு, கணக்குக்கு மலர். அவளைத் தொடர்ந்து அந்தப் பட்டறையிலிருந்தும் பக்கத்துப் பட்டறையிலிருந்தும் இன்னும் சிலர் வந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் என் உயிரை வாங்கியது எமிஸ், அதாவது பிள்ளைகளின் விவரங்களைப் பதிகிற கல்வித் துறையின் இணையதளம். பிள்ளை நேரில் வந்து வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் எமிஸ் தளத்தில் அவன் பழைய பள்ளியிலேயே இருந்தால் நமக்குக் கணக்கில் இல்லை. பழைய பள்ளி அவனைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் நாம் எடுத்துக்கொள்ள முடியும். ஒரு தனியார் பள்ளி அண்ணன் தங்கை இருவரை விடுவிக்கவே இல்லை. கட்டணப் பாக்கி என்றார்கள். கொரோனாவுக்குப் பின் தொழில் நொடித்த குடும்பம், ஒரே நாளில் எங்கே போவார்கள்? போனில் கேட்டால் கரஸ்பாண்டென்ட் வரட்டும் என்பார்கள், அவர் எப்போது வருவார் என்றால் தெரியாது என்பார்கள். ஜூலை முடியப் போகிறது. கடைசியில் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்தோம், அவர் பேசிய பிறகு இரண்டு பெயரும் தொகுப்புக்கு வந்தன. மற்ற தலைமை ஆசிரியர்களுக்கு என் யோசனை: போனில் மல்லுக்கட்டாதீர்கள், முதல் வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 1 அன்று எண்ணிக்கை 61-ஐத் தாண்டியிருந்தது. உதவி ஆசிரியை எமிஸ் திரையை மறுபடி மறுபடி திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பணியிடம் தேவை என்று கணக்கு ஆகிவிட்டது, சரி. ஆள் உடனே வந்துவிடுவாரா என்ன? இங்கேதான் பள்ளி மேலாண்மைக் குழு வருகிறது. அதே ஆகஸ்ட் மாதம்தான் குழுக்களை மறுகட்டமைப்புச் செய்யச் சொல்லியிருந்தார்கள். இந்த முறை 24 பேர், முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. பெரும்பாலோர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பல ஊரில் இது கையெழுத்து வாங்கி முடிகிற சடங்கு. எங்கள் ஊரிலும் அப்படி இருந்த காலம் உண்டு. இந்தத் தடவை காலை உணவு சமைக்கிற அம்மாக்களில் ஒருவர் தலைவி ஆனார். முன்னாள் மாணவர்களாக ஓர் ஆட்டோக்காரத் தம்பி, ஒரு கொத்தனார், காரைக்குடியில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், அப்புறம் ஓர் ஆச்சி.

ஆச்சிக்கு எண்பதை ஒட்டிய வயது. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், அவர் மட்டும் வளவு வீட்டில், அதாவது நடுவில் முற்றம் வைத்த பெரிய வீட்டில், துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு இருக்கிறார். கூப்பிடப் போனபோது, "கமிட்டின்னா காசு கேப்பியளோ?" என்றார் எடுத்த எடுப்பில்.

"இல்லை ஆச்சி, மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை வந்து உக்காந்தாப் போதும்."

"அதுதான் கஷ்டம். காசுன்னா குடுத்துட்டுப் போயிரலாம்."

ஆனால் வந்தார். முதல் கூட்டத்திலேயே வரவு செலவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். விளக்குமாறு, சுண்ணாம்பு, பினாயில் என்று படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, "விளக்குமாத்துக்கு இம்புட்டா? எந்தக் கடை?" என்றார். கடையைச் சொன்னேன். "அடுத்த தடவை சந்தையில வாங்குங்க" என்று பதிவேட்டை மூடினார். அன்றிலிருந்து எங்கள் குழுக் கூட்டத்துக்கு எல்லாரும் நேரத்துக்கு வருகிறார்கள்.

தற்காலிக ஆசிரியரைக் குழு மூலம் தொகுப்பூதியத்தில் அமர்த்தலாம், இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 12,000 ரூபாய். பட்டயப் படிப்பும் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் இருக்க வேண்டும். பக்கத்துத் தெருவிலேயே ஒரு பெண் இருந்தார். இல்லம் தேடிக் கல்வியில் மாலை வகுப்பு எடுத்தவர், பிள்ளைகள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு விண்ணப்பங்களும் வந்தன, சிபாரிசுகளும் வந்தன. குழு எல்லாரையும் ஒரு பாடம் நடத்தச் சொல்லிப் பார்த்தது. அந்தப் பெண் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, கல் துண்டுகளை வைத்துக் கூட்டல் நடத்தினார். தீர்மானம் போட அதிக நேரம் ஆகவில்லை. நிரந்தர ஆசிரியர் வரும்வரைதான் இந்த ஏற்பாடு. இந்த ஊதியத்துக்கு இத்தனை வேலை வாங்குகிறோமே என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் ஒன்றாம் வகுப்பு தனி அறையில் உட்கார்ந்த பிறகு வாசிப்பில் தெரிகிற மாற்றத்தை நான் கண்ணால் பார்க்கிறேன்.

ஆண்டு விழா 2025 பிப்ரவரியில், சிவராத்திரிக்கு முன்னால். குலதெய்வத்துக்குப் படைக்க ஊர்க்காரர்கள் வருகிற சமயம் என்பதால் குழுவே பார்த்துக் குறித்த தேதி. அரசு கொடுக்கிற தொகையில் பந்தலும் மைக்செட்டும் சேர்ந்து ஒதுங்காது. ஆச்சி தன் வீட்டைத் திறந்துவிட்டார். வீட்டின் முன்பக்க முகப்பில் விருந்தினர், கூடமான பட்டாசாலையில் பெற்றோர், முற்றமான நடு வாசலில் பிள்ளைகள். முதலில் ஒயிலாட்டத்தைப் பட்டாசாலையில்தான் ஒத்திகை பார்த்தோம். வழவழவென்ற கல்லில் இரண்டாவது அடியிலேயே நான்கு பேர் வழுக்கி விழுந்தார்கள். ஜமுக்காளம் விரித்தால் ஜமுக்காளத்தோடு வழுக்கினார்கள். அதனால்தான் ஆட்டம் வாசலுக்கு வந்தது. அந்தக் கற்களை வாரா வாரம் துடைக்கிற அம்மா, மகள் ஆடுவதைப் பார்க்க முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒடிசாப் பெண் தமிழில் வரவேற்புரை சொன்னாள், ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. சீப்புச் சீடையும் தேன்குழலும் ஆச்சிமார் கைவண்ணம். விழா முடிவதற்குள் தீர்ந்துவிட்டது, எனக்குக் கிடைக்கவில்லை.

சென்னையிலிருந்து வந்திருந்த முன்னாள் மாணவர்கள் சிலர் அன்றைக்கே கவரில் பணம் வைத்து நீட்டினார்கள். வாங்கவில்லை. கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. கொடுக்க நினைக்கிறவர்கள் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம் பார்த்துத் தங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்து அதன் வழியாகக் கொடுங்கள். ரசீதும் இருக்கும், கணக்கும் இருக்கும், ஆச்சியின் கேள்விக்கு நானும் பதில் சொல்ல முடியும். ஸ்மார்ட் வகுப்பறைக்கான பலகை அரசே கொடுத்துவிட்டது, அதை வாங்கித் தருகிறோம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். இப்போதைக்கு எங்களுக்குத் தேவை பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு இரண்டு கதவு, தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு மூடி, கண்மாய்ப் பக்கம் இடிந்த சுற்றுச்சுவரில் பத்தடி.