புயல் நாளில் வீட்டிலிருந்து வேலை: முதலில் அணைவது மோடம்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. சென்னையில் பல பகுதிகளில் கரண்ட் இல்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் சில தெருக்களுக்கு அது திரும்பவே நாள்கணக்கானது. லேப்டாப்பில் முழு சார்ஜ் இருந்த வீடுகளிலும் கரண்ட் போன நொடியே வேலை நின்றது, மோடம் அணைந்துவிட்டதால்.

பைபர் மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் (கரண்ட் போனாலும் மோடத்தை ஓட்டும் சின்னப் பேட்டரிப் பெட்டி) போதும். வாங்கும் முன் மோடம் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: 12 வோல்ட், 1 ஆம்பியரா 1.5 ஆம்பியரா என்று. மோடத்தில் செருகும் பின்னின் வெளிவிட்டம் 5.5 மி.மீ. என்றாலும் உள்துளை 2.1, 2.5 என இரண்டு அளவில் வரும். 2.1-க்கான மோடத்தில் 2.5 பின் சுலபமாக நுழையும், ஆனால் ஆடும். வயரில் கை பட்டாலே மோடம் ரீஸ்டார்ட் ஆகும். பெட்டியில் போட்டிருக்கும் 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதாவது 37 வாட்-மணி. 12 வோல்ட்டுக்கு உயர்த்தும் இழப்பு போக 30 சொச்சம். 8 வாட் இழுக்கும் மோடம் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும்.

மோடம் ஓடியும் நெட் இல்லையா? மோடத்தில் 'LOS' என்று எழுதியிருக்கும் எல்ஓஎஸ் விளக்கை, அதாவது பைபர் சிக்னல் இல்லை என்று காட்டும் விளக்கைப் பாருங்கள். சிவப்பில் மின்னினால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது ஆபரேட்டர் பக்கத்துக் கருவிக்குக் கரண்ட் இல்லை. திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து பயனில்லை. மோடத்தை அணைத்து யுபிஎஸ்ஸை மிச்சம் பிடியுங்கள், போனுக்கு மாறுங்கள்.

போனை ஹாட்ஸ்பாட்டில் விடாமல் யுஎஸ்பி கேபிளில் டெதர் செய்யுங்கள், அதாவது போனின் நெட்டைக் கேபிள் வழியே லேப்டாப்புக்குக் கொடுங்கள்; பேட்டரி சீக்கிரம் இறங்காது. விண்டோஸில் அந்த இணைப்பை உடனே 'மீட்டர்டு' (டேட்டாவைச் சிக்கனமாகச் செலவிடும் அமைப்பு) ஆக்குங்கள், கூகுள் டிரைவ் சிங்க்கை நிறுத்துங்கள். கரண்ட் போனால் டவர்களும் பெரும்பாலும் பேட்டரியில்தான் நிற்கின்றன. ஒன்று விழுந்தால் அதன் கூட்டமெல்லாம் அடுத்ததில் ஏறும். அதனால் இரண்டாவது சிம் வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும். மீட்டிங்கில் வீடியோ வேண்டாம். குரல் மட்டும் என்றால் மணிக்கு 30, 40 எம்பியில் முடியும்.

அதிகம் பேரைத் திணறடிப்பது விபிஎன், அதாவது அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி. இணைந்துவிட்டதாகக் காட்டும், சின்னப் பக்கம் திறக்கும், பெரிய ஃபைல் மட்டும் பாதியில் தொங்கும். மொபைல் வழியில் பெரிய பாக்கெட்டுகள் போய்ச் சேராமல் விழுவது பெரும்பாலும் காரணம். வயர்கார்டு என்ற விபிஎன் ஆப்பில் எம்டியு மதிப்பை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1280-க்கு இறக்கினால் பெரும்பாலும் ஓடும். அலுவலக விபிஎன் என்றால் இதை ஐடி ஆட்களிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அடுத்த முட்டுக்கட்டை ஓடிபி. நெரிசலில் எஸ்எம்எஸ் வந்து சேர்வதற்குள் நேரம் காலாவதியாகிவிடும். ஆத்தென்டிகேட்டர் ஆப் நெட் இல்லாமலே 30 நொடிக்கு ஒரு எண் தரும், போனில் மணி சரியாக இருந்தால் போதும். ஓடிபிக்குப் பதிலாகப் போட கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். ஜிமெயிலின் ஆஃப்லைன் வசதியையும் நெட் இருக்கும்போதே ஆன் செய்தால்தான் உண்டு.

பவர் பேங்க் வாங்குபவர்கள் எம்ஏஎச்சை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். லேப்டாப்புக்கு வாட் முக்கியம்: டைப்-சி பிடி (லேப்டாப்பையும் சார்ஜ் செய்யும் 'பவர் டெலிவரி' முறை) 45 வாட்டாவது வேண்டும். 22.5 வாட் பவர் பேங்க்கைப் பல லேப்டாப்புகள் சீண்டவே சீண்டாது. 20,000 எம்ஏஎச்சில் கைக்கு வருவது சுமார் 60 வாட்-மணி, ஒரு முழு சார்ஜ்.

எச்சரிக்கை வந்த மாலையே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, விபிஎன் உட்பட எல்லாவற்றையும் வைத்து ஒரு மணி நேரம் வேலை பாருங்கள். ஆடும் பின்னை மாற்ற அப்போது கடை திறந்திருக்கும்.