தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும்

உடுவில் மகளிர் கல்லூரி விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்கு மாலைச் செபம் என்றதும் மண்ணெண்ணெய் மணமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். போரினால் 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயோ கைக்கெட்டாத விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, பழைய சைக்கிள் வால்வுக்குள் நூல்திரியைக் கோத்து உள்ளே நிறுத்துவோம். போத்தலே சிமினியாகிவிடும். அந்த வெளிச்சத்தில்தான் எங்கள் சமயபாட ஆசிரியை, வேதாகமத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் கடைசி வசனங்களை, "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்று தொடங்கி இழப்புகளை அடுக்கிச் செல்லும் பகுதியை, எங்களுக்குப் பாடமாக்கினார்.

அத்திமரமும் ஒலிவமரமும் நாங்கள் கண்டறியாதவை. விளையாத வயலும், ஆடு இல்லாத கிடையும், மாடு இல்லாத தொழுவமும் அப்படியல்ல. மருதனார்மடம், சுன்னாகம், இணுவில் பக்கத்துப் பிள்ளைகளின் வீடுகள் வெங்காயத்தையும் புகையிலையையும் நம்பி வாழ்ந்த வீடுகள். ஆனாலும் எங்களுக்கு அவசரம். "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்ற முடிவுக்குத் தாவிவிடப் பார்ப்போம். ரீச்சர் விடமாட்டார். "இழந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் மகிழ்வேன் என்கிறார். நீங்களும் அந்த வரிசையிலேயே சொல்லுங்கள், பிள்ளைகள்" என்பார். எத்தனை முறை தடுமாறினாலும் அத்திமரத்திலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் முன்னேறி வர, எங்கள் ஊர்கள் அடங்கிய வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்ததை இந்த மலரை வாசிக்கும் பலர் அனுபவித்திருக்கிறீர்கள். நான் விவரிக்கத் தேவையில்லை. கொட்டும் மழை. நாவற்குழிப் பாலத்தை நெருங்க நெருங்க ஓரடி வைப்பதற்கே காத்து நிற்கவேண்டிய சனநெரிசல். அங்கேதான் ரீச்சரைக் கண்டோம். முதிய தாயாரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஒரு கையால் அவரை அணைத்தபடி உருட்டிக்கொண்டு வந்தார். எங்கள் அருகில் வந்த ஒரு தோட்டக்கார ஐயா யாருக்கென்றில்லாமல் சொல்லிக்கொண்டே நடந்தார்: கொட்டிலில் வெங்காயம் கட்டித் தொங்குகிறது, கிணற்றடியில் இறைப்பு மெசின் கிடக்கிறது, பசுவை அவிழ்த்து விட்டேன், கன்றை அவிழ்த்தேனா என்று ஞாபகமில்லை. அந்தக் கன்று என்றதும் அவர் குரல் உடைந்துவிட்டது.

ரீச்சர் அவருக்கு வசனம் சொல்லவில்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்றும் சொல்லவில்லை. "என்ன நிறக் கன்று ஐயா?" என்று கேட்டார். அவர் சொன்னார். இருவரும் அழுதார்கள்.

பாலத்துக்கு அப்பால், தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் ஒதுங்கியிருந்தோம். மறுநாள் மாலை ரீச்சர் எங்களைக் கூப்பிட்டு அந்த வசனங்களைச் சொல்லச் சொன்னார். அத்திமரத்தில் தொடங்கினோம். தொழுவத்துக்கு வந்தபோது எங்களால் தொடர முடியவில்லை. அவர் மட்டும் முடித்தார். பிறகு ஒரு கீர்த்தனையைப் பாடினார். அழுது சிவந்த கண்கள் அப்படியே இருந்தன, முகம் மலர்ந்திருந்தது. துக்கமும் சந்தோஷமும் ஒரே முகத்தில் இருக்க முடியும் என்பதை நான் கண்ணால் கண்டது அன்றுதான்.

எங்கள் கல்லூரியின் தொடக்கத்திலேயே இந்தத் துக்கம் இருக்கிறது. 1824இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய அந்த விடுதிப் பாடசாலையைப் பொறுப்பேற்று நடத்திய ஹரியட் வின்ஸ்லோ, தம் மகன் சார்ள்ஸைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1832இல் சிறுவன் அங்கே இறந்துபோனான். அக்காலத்தில் ஒரு கடிதம் கடல் கடந்து வர மாதக்கணக்காகும். அடுத்த ஆண்டு அவரும் மறைந்தார். நிறுவுநர் தின உரைகளில் அவருடைய சாதனைகளைச் சொல்கிறோம்; அந்தத் தாயின் கண்ணீரையும் சொல்லியிருக்கலாம்.

என் கணவர் டொரொன்டோவில் காலமானபோது வந்தவர்களில் சிலர், "விசுவாசியான நீங்கள் அழக்கூடாது" என்றார்கள். அன்பினால் சொன்னதுதான். ஆனால் அது வேதத்தில் இல்லாத போதனை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே கண்ணீர் விட்டாரே! சந்தோஷமாயிருங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுலின் கையில் விலங்கு இருந்தது. கிறிஸ்துவுக்குள் வரும் மகிழ்ச்சிக்கு நம் துக்கத்தை மறைத்து வைக்க வேண்டிய தேவை கிடையாது.

ஆகவே நான் ரீச்சரின் வரிசையையே பின்பற்றினேன். இரவில் தனியே இருந்து, இல்லாமற்போனவற்றை ஆண்டவரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன்: அவருடைய செருமல், காலைத் தேநீருக்கு அவர் வைக்கும் கேத்தல், ஆலயத்தில் என் வலப்பக்க இருக்கை. பல இரவுகள் பட்டியலோடு தூங்கிப்போனேன். எந்த இரவில் என்று தெரியாது, பட்டியல் முடிந்த பிறகும் நான் பேசிக்கொண்டிருந்தேன், நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். துக்கம் குறையவில்லை. அதன் நடுவே, யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாத ஒன்று நிலைத்திருந்தது. இன்றும் நிலைத்திருக்கிறது.

இப்போது எங்கள் பழைய மாணவிகள் சங்கத்து அக்காமார், தங்கைமாரின் மரண வீடுகளில் வேதம் வாசிக்கச் சொல்லி என்னைக் கேட்கிறார்கள். அதே பகுதியைத்தான் எடுக்கிறேன். ஆனால் வாசிக்குமுன், போனவரைப் பற்றிச் சொல்லும்படி வீட்டுக்காரரிடம் கேட்கிறேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வேதப்புத்தகத்தைத் திறப்பதில்லை.