ஹிடாட்ஸாவில் 'ட' கிடையாது

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் இருக்கும் ஒரு பழங்குடியின் பெயரையும் அவர்கள் மொழியின் பெயரையும் நாம் எழுதுவது 'ஹிடாட்ஸா'. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஏறக்குறைய 'ஹிராட்ஸா'. நடுவில் இருப்பது ரகரம். 1870களில் இந்த மொழிக்கு இலக்கணமும் அகராதியும் தொகுத்த ராணுவ மருத்துவர் வாஷிங்டன் மாத்யூஸ், அதே ஒலி சில நேரம் ட (ஆங்கில d) போலவும் சில நேரம் ல, ந, ர போலவும் கேட்பதைக் கவனித்து, 'ட'வை எழுத்தாக வைத்துக்கொண்டார். அதுவே நிலைத்துவிட்டது. புதுச்சேரி 'பொந்திஷேரி' ஆகி, அதிலிருந்து பாண்டியான ஊரில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

இந்த ஒலி மாற்றம் தமிழ்க்காரர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். ஒரே 'க'வை கடல், பங்கு, அகல் மூன்றிலும் மூன்று விதமாகச் சொல்கிறோம், எழுத்து மாறுவதில்லை. ஹிடாட்ஸாவில் மெய்யொலிகள் மொத்தமே பத்து. ம, ந இரண்டும் தனி ஒலிகள் அல்ல. சொல்லின் தொடக்கத்தில் வ ம-வாகவும், ர ந-வாகவும் ஒலிக்கும். பெண் என்பது தனியே நின்றால் 'மியா', இன்னொரு சொல்லோடு ஒட்டினால் 'வியா'. 'ட்ஸகாகா' என்றால் பறவை. இரண்டும் சேர்ந்தால் ட்ஸகாகாவியா, பறவைப்பெண். அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் குழுவின் பயணத்தில் கூடவே போன ஷோஷோன் பெண்ணின் பெயர் இது.

அந்தப் பெயரை ஆங்கிலத்தில், அவர் உருவம் வந்த 2000-ஆம் ஆண்டு அமெரிக்க டாலர் நாணயத்தைப் பற்றிச் சொல்லும்போது 'ஜி' (g) போட்டு எழுதுகிறார்கள், வடக்கு டகோட்டாவில் 'கே' போடுகிறார்கள், பழைய புத்தகங்களில் 'ஜே'. தமிழில் ஒரே 'க' போட்டால் முதல் இரண்டு தரப்பும் சமாதானம். 'ஜ' மட்டும் வேண்டாம். 'ஜே' வடிவத்தைப் பார்த்து 'சாகஜவேயா' என்று எழுதினால் பறவையே பறந்துவிடும்.

இந்தப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது 'ட்ச' வேண்டாம், 'ட்ஸ' போடுங்கள். நம் வாயில் 'ட்ச' 'காட்சி'யில் வருவது போலத்தான் வரும். இங்கே தேவை நுனிநாக்கு ஸ. தொண்டையில் உரசும் இன்னொரு ஒலியும் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் 'த்ரே' என்ற சொல்லில் சொல்லும் அந்தக் கரகரத்த ர அதற்குக் கிட்டத்தில் வரும். எழுத்தில் 'ஹ' போதும்.

ஹிடாட்ஸா என்பது முதலில் மொத்த இனத்தின் பெயரும் அல்ல. நைஃப் ஆறு மிசூரி ஆற்றில் கலக்கும் இடத்தருகே மூன்று கிராமக் குழுக்கள் இருந்தன: ஹிடாட்ஸா, அவாட்டிஹா, அவஹாவி. மூன்றாவதைச் சில இடங்களில் 'அமஹாமி' என்று பார்ப்பீர்கள். வேறு ஊர் என்று நினைத்து நான்காவது கிராமம் சேர்த்துவிடாதீர்கள். அதே வ–ம விளையாட்டுதான், இங்கே சொல்லின் நடுவில். 1837 அம்மைக்குப் பிறகு எஞ்சியவர்கள் மாண்டன் மக்களோடு 1845-இல் லைக்-எ-ஃபிஷ்ஹூக் என்ற ஒரே கிராமத்துக்குப் போனார்கள், பின்னால் அரிக்காராக்களும் வந்தார்கள். இன்று மூவருக்கும் ஃபோர்ட் பெர்த்தோல்ட் ஒதுக்கிடம்.

'மினிட்டாரி' என்பது ஹிடாட்ஸாக்களுக்கு மாண்டன்கள் வைத்த பெயர், தண்ணீரைத் தாண்டி வந்தவர்கள். அதில் உள்ள தண்ணீர்ச் சொல் ஒரே குடும்பத்துச் சொந்தக்கார மொழிகளிலும் ஓடுகிறது: ஹிடாட்ஸாவில் மிரி, மிக நெருங்கிய க்ரோ மொழியில் பிலே, லக்கோட்டாவில் ம்னி. பிரெஞ்சு வியாபாரிகள் வைத்த 'க்ரோ வாந்த்ர்' (பெரிய வயிறு) என்பதுதான் ஆபத்து. மொண்டானாவில் உள்ள, அல்கோன்கியன் குடும்பத்து மொழி பேசிவந்த அட்சினா மக்களுக்கும் அதே பெயர். பழைய ஆவணத்தில் அதைக் கண்டால் எந்த ஆற்றங்கரை என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். இந்தப் பெயரில் உள்ள 'க்ரோ' வேறு, க்ரோ இனம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

மொழியில் எனக்கு மிகவும் பிடித்தது வாக்கியத்தின் வால். வினை கடைசியில், நம்மைப் போலவே. ஆனால் அதன் பின்னால் ஒரு விகுதி வராவிட்டால் வாக்கியம் முடியாது. 1965-இல் ஜி. எச். மாத்யூஸ் (முன்னவர் அல்ல, பின்னாளைய மொழியியலாளர்) விவரித்தபடி, '-ட்ஸ்' போட்டால் பேசுபவர் அதை உண்மை என்று நம்புகிறார். தவறிப்போனால் அவர் ஏமாந்தவர், பொய்யர் அல்ல. '-ஸ்கி' போட்டால் நிச்சயமாகத் தெரியும் என்று பொருள், தவறிப்போனால் பொய்யர். '-ரஹே' என்றால் யாரோ சொல்லக் கேட்டது மட்டும். '-வரேயட்ஸ்' என்றால் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

'-ரஹே'க்கு நம் கையில் தயாராக 'ஆம்' இருக்கிறது: "கடலூர் துறைமுகத்துல வஞ்சிரம் வந்திருக்காம்." சொன்னவர் பார்க்கவில்லை, பொறுப்பும் இல்லை. இடறும் இடம் '-வரேயட்ஸ்'. "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்" என்று கதைக்கும் அதே 'ஆம்' போடுகிறோமே என்று இதற்கும் அதையே போட்டால், ஊரறிந்த விஷயம் வெறும் வதந்தியாக இறங்கிவிடும். அங்கே 'என்பார்கள்' போடலாம், அல்லது 'தெரிந்ததுதானே' என்று வாக்கியத்தை முடிக்கலாம். '-ஸ்கி'க்கு 'சத்தியமாக' கொஞ்சம் கூடுதல் கனம், 'தான்' போதும்.