கொழும்பு வெள்ளத்துக்கு ரேடாரும் ஒளிப் படிமமும்: சேர்த்துப் பார்த்த அனுபவம்

களனி கங்கை பெருகும் நாட்களில் கொழும்புக்கு மேலே முகில் விலகட்டும் என்று காத்திருந்தால், வெள்ளம் வடிந்த பிறகுதான் தெளிவான படம் கிடைக்கும். அதனால் ஐரோப்பியச் செய்மதிகளான சென்டினல்-2இன் ஒளிப் படிமத்தோடு சென்டினல்-1இன் ரேடாரையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ரேடாரின் அலைநீளம் சுமார் 5.6 சென்ரிமீற்றர், முகில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இதில் சேர்க்கும் வேலை கடைசியில் கொஞ்ச நேரம்தான். இரண்டையும் ஒரே பிக்சல் கட்டத்தில் உட்கார வைப்பதற்குத்தான் நாட்கள் போகின்றன.

ரேடார் கோப்பை ஸ்னாப் என்ற செய்மதிப் பட மென்பொருளில் திறந்ததும், படம் எடுத்தபோது செய்மதி எங்கே இருந்தது என்று சொல்லும் சுற்றுப்பாதைக் கோப்பை முதலில் பொருத்துங்கள். மிகத் துல்லியமானது வர ஏறக்குறைய 20 நாட்கள் ஆகும். வெள்ள அவசரத்துக்குச் சில மணித்தியாலங்களில் வருவதே தாராளம். பிறகு வெப்ப இரைச்சல் நீக்கம். அதன்பின் கொழும்பை மட்டும் வெட்டி எடுங்கள்: ஒரு காட்சி 250 கிலோமீற்றர் அகலம், முழுதாக ஓடவிட்டால் 8 ஜிபி நினைவகக் கணினி திணறும். அடுத்து அளவுத்திருத்தம், புள்ளி இரைச்சல் வடிகட்டி, நில உயரத்தைக் கொண்டு படத்தைச் சரியான இடத்தில் பொருத்தும் தரைத் திருத்தம். மடக்கை அளவான டெசிபெல்லாக மாற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். டெசிபெல்லில் சராசரி எடுத்தால் அது உண்மையான சராசரி அல்ல.

தரைத் திருத்தத்தில் கொழும்புக்கென்றே ஒரு பொறி உண்டு. 'உயரத் தரவு இல்லாத இடங்களை மறை' என்ற தெரிவு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அது பயன்படுத்தும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு விண்ணோடத்திலிருந்து 2000 பெப்ரவரியில் எடுக்கப்பட்டது. துறைமுக நகரத்துக்குக் கடலை நிரப்பத் தொடங்கியது 2014இல். அந்தத் தரவில் அது இன்னமும் கடல்தான். ஆகவே காலிமுகத்திடலுக்கு அப்பால் 269 ஹெக்டேர் நிலம் வெறுமையாக வந்து நிற்கும். தெரிவை அணைத்துவிட்டால் சரி.

ஒளிப் பக்கத்தில் பி2, பி3, பி4, பி8 பட்டைகளின் (நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு) பிக்சல் 10 மீற்றர். நீரைப் பிரிக்கத் தேவையான குற்றலை அகச்சிவப்புப் பட்டை பி11 20 மீற்றர். 2022 ஜனவரி 25க்குப் பிறகு வந்த கோப்புகளில் பிக்சல் மதிப்பிலிருந்து 1000ஐக் கழித்து, பின் 10000ஆல் வகுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பழைய படத்தோடு ஒப்பிட்டால் நகரமே மாறிவிட்டதுபோல் இருக்கும். முகில் மறைப்புக்கு வரும் வகைப்பாட்டுப் படத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். வெயிலில் பளபளக்கும் தகரக் கூரைகளை அது முகில் என்று எழுதிவைக்கும்.

ரேடார், ஒளி இரண்டையும் யூடிஎம் 44 வடக்கு என்ற மீற்றர் ஆள்கூற்று முறையில், சென்டினல்-2இன் கட்டத்தையே அடிப்படையாக வைத்துப் பொருத்துவோம். ரேடாருக்கு இருநேரியல் மறுமாதிரி (சுற்றியுள்ள பிக்சல்களின் நிறையிட்ட சராசரி), வகைப்பாட்டுப் படத்துக்குக் கிட்டிய பிக்சலின் மதிப்பு அப்படியே. இரண்டும் 10 மீற்றர்தானே என்று இந்தப் படியைத் தாண்டினால் அரைப் பிக்சல் நகர்வு நிற்கும். கால்வாய்க் கரைகளில் பொய்யான மாற்றம் கோடுகோடாகத் தெரியும். அந்த ரேடார் பிக்சல் 10 மீற்றர் என்றாலும் உண்மைப் பிரிதிறன் 20 மீற்றரை ஒட்டியது என்பதையும் மறக்கக் கூடாது. ஒடுங்கிய கால்வாய்களை அதிலிருந்து எதிர்பார்ப்பது வீண்.

வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் எடுக்கும் ரேடார் காட்சிகள் ஒரே சுற்றுப்பாதையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். விவி அலை (செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே பெறும் ரேடார் எதிரொலி) 3 டெசிபெல்லுக்கு மேல் குறைந்த இடத்தை முதற்கட்ட வெள்ளமாக எடுத்துக்கொண்டு, பிறகு கண்ணால் பார்த்து அந்த எல்லையைத் திருத்தலாம். இங்கேதான் ஒளிப் படிமம் கை கொடுக்கிறது. பி3, பி11 இரண்டையும் வைத்துக் கணித்த நீர்ச்சுட்டியால் பேரை வாவி, தியவன்னா ஓயா போன்ற நிரந்தர நீரைக் கழித்துவிடலாம். இரத்மலானை ஓடுபாதை ரேடாரில் நீர்போலக் கறுப்பாக விழும். அதையும் ஒளிப் படிமம் காட்டிக்கொடுக்கும்.

கொலன்னாவையில் வீடுகள் நெருங்கிய பகுதிதான் பெருந்தலையிடி. நீர்ப்பரப்பில் பட்டுச் சுவரில் மோதித் திரும்பும் அலை கருமைக்குப் பதிலாக வெளிச்சத்தைக் கூட்டும். 'குறைந்தால் வெள்ளம்' என்ற விதி அங்கே முழுதாகத் தோற்கும். அடர் கட்டடப் பகுதியை ஒளிப் படிமத்திலிருந்து தனியே பிரித்து, அங்கே கூடுதலையும் குறைவையும் சேர்த்தே தேட வேண்டும், அப்படியும் விடுபடும். ஆகாயத்தாமரை மூடிய கால்வாயோ இரண்டு செய்மதிக்கும் பச்சைச் செடிதான்.

இலங்கை வரைபடங்களோடு சேர்க்கும்போது ஆள்கூற்று முறையைக் கவனியுங்கள். இலங்கையின் புதிய ஆள்கூற்று முறையான எஸ்எல்டி99இன் தொடக்க மதிப்பு கிழக்கு 500000, வடக்கு 500000; பழைய கண்டவளை முறையில் இரண்டும் 200000. மாறிப் போனால் படம் கிழக்கு-மேற்கிலும் வடக்கு-தெற்கிலும் 300 கிலோமீற்றர் வீதம் தள்ளி விழும், உடனே தெரிந்துவிடும். ஆனால் டேட்டம் (ஆள்கூறுகளை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் பூமி மாதிரி) மாற்றத்தைச் செய்யாமல் விட்டால் வரும் பிழை சிறியது. வெள்ளம் பக்கத்துத் தெருவில் ஏறி நிற்கும், யாருக்கும் சந்தேகமே வராது.