அளந்துவிடுவதும் அளந்து பார்ப்பதும்

கார் பிரியர்கள் பத்துப் பேர் சேர்ந்து மலைக்குக் கிளம்பினால், ஓட்டும் நேரத்தைவிட ஓரங்கட்டிப் பேசும் நேரம்தான் அதிகம். பேச்சில் பாதி அளப்பு. கையில் காற்றழுத்த மானி, ஜிபிஎஸ் உள்ள ஃபோன், ஒரு பேனா இருந்தால் போதும், பெரும்பாலானதை அங்கேயே தீர்த்துவிடலாம்.

முதல் நிறுத்தத்திலேயே ஒருவர் டயரைக் குத்திப் பார்த்து, "36 காட்டுதே!" என்று காற்றை இறக்கப் போவார். தடுத்துவிடுங்கள். காலையில் 32 பிஎஸ்ஐ வைத்த டயர், 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூட்டித்தான் காட்டும். சூட்டில் 32-க்கு இறக்கினால் மறுநாள் காலை 28-இல் நிற்கும்.

அடுத்தது வேகம். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 39-இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம்: பத்து சதவீதத்தோடு இன்னும் மணிக்கு 4 கி.மீ. வரை. முள் 114-ஐத் தொட்டதென்று மார்தட்டுபவர் சரியாக 100-இல்தான் போயிருக்கலாம். சமதளத்தில் ஜிபிஎஸ்ஸைப் பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துச் சொல்லட்டும்.

மைலேஜ் பேச்சு வந்தால் நிறுத்தம் நீளும். பம்புக் குழாய் தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட்-ஆஃப் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 400 கி.மீ.யாவது ஓட்டி, அதே பம்பில் மறுபடி முதல் கட்-ஆஃப் வரை நிரப்ப வேண்டும். 420 கி.மீ., 24 லிட்டர் என்றால் லிட்டருக்கு 17.5 கி.மீ. ஐந்து லிட்டர் மட்டும் போட்டுக் கணக்குப் பார்ப்பவரை நம்பாதீர்கள். நிரப்புவதில் ஒரு லிட்டர் பிசகினாலே 20 சதவீதம் போச்சு. கட்-ஆஃபுக்குப் பிறகும் கழுத்துவரை ஊற்றினால் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிக் குடுவைக்குள் திரவமே புகுந்து அதைக் கெடுக்கும். பெரிய டயர் மாட்டியவர் பாவம்: விட்டம் 3 சதவீதம் கூடினால் ஓடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்து எண்ணும், மைலேஜும் குறைந்ததாகத் தெரியும்.

ஏற்றத்தில், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ உள்ளவர் ராஜா. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் காற்று மெலிவதால், டர்போ இல்லாத 100 குதிரைத்திறன் இன்ஜின் 2,000 மீட்டரில் 80 ஆகிவிடும். கியரை இறக்கி ஓட்டுவது தவிர வழியில்லை.

இறக்கத்தில் மட்டும் கேலி வேண்டாம். நியூட்ரலில் உருட்டினால் எண்ணெய் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய இன்ஜினில் கியரோடு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரிபொருள் போகும். சுமை முழுக்க பிரேக்குக்கு வேறு. டாட் 4 என்ற தரத்திலான புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்துப் பழசானால் 155-லேயே குமிழ் விடலாம், பெடல் பஞ்சுபோல் இறங்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கருகிய வாடை வந்தால் சமதளத்தில் கியர் போட்டு நிறுத்தி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அடிவாரத்தில் ஒருவர் டிஸ்ப்ளேயில் 38 கி.மீ. மைலேஜ் காட்டும் படத்தை நீட்டுவார். ஏறும்போது எடுத்த படம் எங்கே என்று கேளுங்கள். அப்போது ஃபோனில் சார்ஜ் இல்லையாம்.